சூளையோரத்து மண் உருண்டைகள்

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே. ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர் சுற்றிய காலத்தில், செம்பாற்றின் இரு கரையிலும் இரண்டு ஊர்கள் இருந்தன. ஆளும் ஒரே அளவு, வயலும் ஒரே அளவு. ஒரு மழைக்காலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே கொள்ளைநோய் வந்தது. முதல் நாள் வயிற்றுப்போக்கு, இரண்டாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் பாடை.

இக்கரையில் ஒரு சித்தர் இருந்தார். அவரிடம் ஒரு கருங்கல் இருந்தது. அதை நனைத்த தண்ணீரில் மூன்று சொட்டு நாக்கில் விடுவார். மூன்று நாளைக்கு வேறு எதுவும், பச்சைத் தண்ணீர்கூட, தொண்டையில் இறங்கக் கூடாது. பிழைத்தவர்கள் ஆளுக்கொரு மண்பொம்மையை அவர் வாசலில் வைத்தார்கள். ஐம்பது பொம்மைகள் வரிசையாக நின்றன. பார்ப்பவர் கைகூப்பாமல் போக மாட்டார்.

அந்தப் பொம்மைகளைச் செய்தவள் குயத்தி சடைச்சி. ஒருநாள் அவளுடைய ஆறு வயது மகள் பவளத்துக்கும் வயிறு போகத் தொடங்கியது. பிள்ளையின் கண் குழி விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "வாசல்ல நிக்கிற பொம்மை அத்தனையும் பொய்யா? தூக்கிட்டுப் போடி!"

ஊர்த்தலைவர் வந்தார். "ஏழு தலைமுறைக் கல்லும்மா அது. நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் முட்டாளா?"

கணவன் இருளப்பன் அழுதுகொண்டே வந்தான். "ஏ புள்ள, போன மாசம் என் தம்பி அதைக் குடிச்சுத்தான பொழச்சான்? இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னை நான் மன்னிக்க மாட்டேன்."

சடைச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். சூளையைத் தாண்டும்போது அவள் கால் நின்றது.

பொம்மை செய்யும் கைதானே சாவு வீட்டுக்குக் கொள்ளிக்குடமும் செய்கிறது? ஒவ்வொரு கொள்ளிக்குடத்துக்கும் ஒரு பிடி மண்ணை உருட்டிச் சூளையோரம் வைப்பது அவள் குல வழக்கம். இக்கரைச் சாவுக்கு இடப்பக்கம், அக்கரைச் சாவுக்கு வலப்பக்கம். வெள்ளத்தில் நோயாளியைப் பரிசலில் ஏற்ற முடியாது. கல்லோ ஆற்றைத் தாண்டக் கூடாதாம். அதனால் அக்கரைக்காரர்களுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர்தான் மருந்து. குடத்துக்கு மட்டும் பரிசல் வந்துபோனது.

இந்த நோய் வந்த நாளிலிருந்து சேர்ந்த உருண்டைகளைச் சடைச்சி எண்ணினாள். வலப்பக்கம் ஒன்பது. இடப்பக்கம் எழுபத்து மூன்று.

கஞ்சி கொடுத்து மகள் செத்துப்போனால் ஊர் என்ன சொல்லும்? பெற்றவளே கொன்றாள் என்று சொல்லும். அப்படியும் அவள் வீட்டுக்கே திரும்பி நடந்தாள். ஒரு வாய், ஒரு வாயாக உப்புக்கஞ்சி ஊற்றினாள். முதல் நாள் பிள்ளை கக்கியது. இரண்டாம் நாள் கண் திறக்கவில்லை. இருளப்பன் அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். சக்கரத்தில் மண் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. வைத்தால் அது குடமாகிவிடுமோ என்ற பயம்.

மூன்றாம் நாள் காலையில் பவளம் முனகினாள். "அம்மா, இன்னுங் கொஞ்சம் கஞ்சி."

இருளப்பன் துள்ளி எழுந்தான். "பாத்தியா! கஞ்சி காப்பாத்திருச்சு!"

"ஒத்தப் புள்ள பொழச்சதை வச்சு அப்படிச் சொன்னா, நானும் அந்தச் சித்தர் மாதிரிதாங்க" என்றாள் சடைச்சி. உருண்டைகளை இரண்டு கூடையில் அள்ளிக்கொண்டு போய், சித்தர் வாசலில் பொம்மைகளுக்கு எதிரே இரண்டு குவியலாகக் கொட்டினாள். எது எந்தக் கரைச் சாவு என்று சொன்னாள்.

சித்தர் சிரித்தார். "செத்தவங்க எல்லாம் என் கல்லை நம்பாதவங்க."

பூ விற்கும் மருதாயி முன்னால் வந்தாள். அவள் மகன் செத்து எட்டு நாள்கூட ஆகவில்லை. பெரிய குவியலிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது எம் மவன் சாமி. தண்ணி தண்ணின்னு தவிச்சான். நீங்க சொன்னீங்கன்னு நான் குடுக்கல. 'சாமி சொன்னா சரிதாம்மா'ன்னு அவனும் வாயை மூடிக்கிட்டான். இதுக்கு மேல எப்படி நம்பணும்?"

அன்றே இக்கரை வீடுகளிலும் கஞ்சி கொதித்தது.

ஆகவே கேட்டவர்களே, ஒரு மருந்து பலிக்குமா என்று அறிய வேண்டுமானால், பிழைத்தவர் வைத்த பொம்மைகளோடு, பேச வாயில்லாமல் போனவர்களையும், அந்த மருந்தைத் தொடாமலே பிழைத்தவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.