செம்போத்து திரும்பி வந்த சாயங்காலம்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் தவளை, மரங்கொத்தி, சில்வண்டு, செம்போத்து நான்கும் சேர்ந்து பாடிவந்தன. ஐப்பசியின் முதல் மழை வரப்போகிறது என்றால் காடே அந்தக் கரைக்கு வந்துவிடும். பட்டுப்போன மருத மரத்தில் மரங்கொத்தி தாளம் போடும். சில்வண்டு சுருதி பிடிக்கும். தவளை அடிக்குரலில் பாடும். புதருக்குள் மறைந்தபடியே செம்போத்து, "ஊப்… ஊப்… ஊப்…" என்று நிதானமாக இழுத்துக் கூப்பிடும். அது கூப்பிட்டு முடிக்கும்வரை மற்ற மூன்றும் சத்தம் காட்டாமல் காத்திருக்கும்.

ஒரு வருடம் கச்சேரி முடிந்ததும் மான் ஒன்று செம்போத்திடம் வந்தது. நீ கூப்பிட்டதால்தான் மழை வந்தது என்று சொல்லிவிட்டுப் போனது. செம்போத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதையே மற்றவர்களிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிக்காட்டியது. மரங்கொத்திக்கு எரிச்சலாக இருந்தது. அலகு நோக அடிப்பது ஒருவன், பேர் வாங்குவது இன்னொருவனா?

"நீ இல்லாவிட்டாலும் மழை பெய்யும்," என்றது மரங்கொத்தி.

செம்போத்து தவளையைப் பார்த்தது. தவளை தண்ணீரைப் பார்த்தது. சில்வண்டு எதுவும் காதில் விழாததுபோல இருந்துகொண்டது. மறுநாள் காலையில் புதர் காலியாக இருந்தது. செம்போத்து மலைக்கு அந்தப் பக்கம், மூங்கில் காட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த ஐப்பசியிலும் மழை பெய்தது. மரங்கொத்தி சொன்னது சரியாகிவிட்டது. அதுதான் கொடுமை.

செம்போத்தின் இடத்துக்கு ஒரு மைனா வந்தது. யாருடைய குரலையும் அப்படியே எடுக்கும் மைனா. ஆனால் அதற்கு மூச்சு குட்டை. இழுக்க வேண்டியதையெல்லாம் சட்டென்று முடித்துவிடும். மரங்கொத்தி அதற்கேற்றபடி தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரட்டிப் பழகியது. கேட்க வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. புதருக்குள் ஒளியாமல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்து பாடுகிறதே, இதுவே மேல் என்று முயல்கள் பேசிக்கொண்டன.

காலம் ஓடியது. மரங்கொத்திக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சில்வண்டுக்கு அடிக்கடி சுருதி நழுவியது. மைனா தனிக் கச்சேரி செய்யப் போய்விட்டது. எல்லோருடைய குரலும் தன்னிடமே இருக்கும்போது கூட்டாளிகள் எதற்கு என்று கேட்டதாம். தவளைக்குத்தான் நிலைமை மோசம். தொண்டைப் பையில் காற்று நிற்கவில்லை.

"இந்த மழைதான் எனக்குக் கடைசி. அதற்குப் பிறகு குரல் இருக்காது," என்றது தவளை. "போவதற்குள் ஒரு தடவை நாம் நான்கு பேரும் சேர்ந்து பாட வேண்டும்."

மரங்கொத்தி மறுக்கவில்லை. வந்தால் பாடட்டும் என்றது. அணிலைத் தூது அனுப்பினார்கள்.

செம்போத்து அணிலிடம், முதல் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றது. மரங்கொத்தி ஒப்புக்கொண்டது. மைனா கொண்டுவந்த பாட்டு எதையும் பாடக் கூடாது என்றது. அதற்கும் சம்மதம். பழைய புதரைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும் என்றது. சில்வண்டு சிலந்திவலையை எடுத்துப்போட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் போயும் செம்போத்து மட்டும் வரவில்லை.

அணில் மூச்சிரைக்க வந்து படுத்துவிட்டது. "இன்னும் எத்தனை தடவை நான் மலை ஏறுவது? அங்கே கேட்பது ஒன்று, வேண்டியது வேறொன்று. அது என்னவென்று உங்களுக்கும் தெரியும், செம்போத்துக்கும் தெரியும். நடுவில் என் கால் தேய்கிறது. போங்கய்யா!"

மரங்கொத்தி பட்டை உரிந்துபோன கிளையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் தவளையே கிளம்பியது. வெயிலில் தோல் காய, பாறை நிழலில் ஒதுங்கி ஒதுங்கி, தத்தித் தத்தி மலையைக் கடந்தது.

மூங்கில் அடியில் செம்போத்து உட்கார்ந்திருந்தது. அதன் சிவந்த சிறகு வெளுத்திருந்தது.

"என்ன தவளையண்ணே, நீயா வந்தாய்? காய்ந்த இலை ஒன்று உருண்டு வருகிறது என்று நினைத்தேன்," என்றது.

"கிண்டல் இருக்கட்டும். மரங்கொத்தி அன்றைக்கு ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டது. இன்னுமா அதை வைத்துக்கொண்டிருக்கிறாய்?"

"அது சொன்னது வலித்தது. ஆனால் அதன் வாய் அப்படித்தான், தெரிந்ததுதானே. அன்றைக்கு நீ என்ன சொன்னாய்?"

தவளை மூங்கில் நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது.

"நான் ஒன்றும் சொல்லவில்லை."

"அந்த மௌனத்தைத்தான் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்றது செம்போத்து.

தவளை தலையைத் தரையில் வைத்தது. "தப்புதான். நான் சொல்லியிருக்க வேண்டும். நீ இல்லாமல் மழை வரும், ஆனால் பாட்டு வராது என்று சொல்லியிருக்க வேண்டும்."

செம்போத்து எழுந்து சிறகை உதறியது. "நட. உனக்காக வருகிறேன்."

குளக்கரையில் எல்லோரும் நலம் விசாரித்துக்கொண்டார்கள். மரங்கொத்தியும் செம்போத்தும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்தன. பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒத்திகை தொடங்கியது.

செம்போத்து, "ஊப்… ஊப்…" என்று இழுத்தது. மூன்றாவது கூப்பாட்டுக்கு வாய் திறப்பதற்குள் மரங்கொத்தியின் தாளம் வந்து விழுந்துவிட்டது.

மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அப்படியே. மரங்கொத்தி வேண்டுமென்று செய்யவில்லை. மைனாவின் குட்டை மூச்சுக்கு அடித்து அடித்துப் பழகிய கழுத்து, தானாகவே முன்னால் போனது. தவளையும் சில்வண்டும்கூட அதே அவசரத்தில்தான் இருந்தன. செம்போத்து தன் மூச்சைச் சுருக்கிப் பார்த்தது. அது கேட்கச் சகிக்கவில்லை.

"நான் விட்டுப்போன இடம் இங்கே இல்லை," என்றது செம்போத்து. "மைனாவின் இடம்தான் இருக்கிறது."

நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்ற வார்த்தை மரங்கொத்தியின் அலகு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் செம்போத்து இருந்திருக்கும். நாலு நாள் பொறுமையாகச் சேர்ந்து பழகியிருக்கலாம், தாளமும் வழிக்கு வந்திருக்கும். ஆனால் மரங்கொத்தி சொன்னது வேறு.

"கழுத்து வலி. அதுதான் வேகம் கூடுகிறது."

செம்போத்து கொஞ்ச நேரம் காத்திருந்தது. வேறு எதுவும் வரவில்லை. தவளையின் பக்கத்தில் போய், உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணே என்று சொல்லிவிட்டு, மலையை நோக்கிப் பறந்தது.

ஒரு வாரத்தில் மழை மேகம் திரண்டது. காடு முழுவதும் கரைக்கு வந்தது. மூன்று பேரும் பாடினார்கள். தவளை மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டிப் பாடியது.

பாட்டு பாதியில் இருக்கும்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. "ஊப்… ஊப்…"

தவளை பாட்டை நிறுத்தியது. சில்வண்டு நிறுத்தியது. மரங்கொத்தி ஓங்கிய அலகை அப்படியே பிடித்துக்கொண்டது. வலித்த கழுத்தை அசைக்காமல், அந்த மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தது. கிழங்களுக்குப் பாட்டு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று முயல்கள் சிரித்தன.

மலைக்கு அந்தப் பக்கம் செம்போத்தும் காதைத் தீட்டிக் கேட்டது. குளத்துப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்து, மூன்றாவது தடவை கூப்பிடாமலே சிறகை மடக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு தவளை பாடவே இல்லை.

மன்னிப்பை ஆள் எதிரில் நிற்கும்போதே வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பிரிந்த பிறகு எவ்வளவு மனதாரக் காத்திருந்தாலும் அது உரியவரைப் போய்ச் சேராது.