பூரணகும்பமும் மகாராஜாவின் சைக்கிளும்

செம்மலை சமஸ்தானத்து மகாராஜா சுந்தரகேசரிக்குச் சீமையிலிருந்து சைக்கிள் வந்து இறங்கிய நாள் முதல், ராஜ்ய காரியமெல்லாம் இரண்டு சக்கரத்தில்தான் ஓடியது. வழக்கு விசாரித்தாலும் கை பிரேக்கைப் பிடித்தபடி இருக்கும்.

அரண்மனை விகடகவி ஞானியப்பன் மாசி மாதம் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றான். "மகாராஜா, ஊசிக்கல்பட்டியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு கிணறு வெட்டித் தர வேண்டும்."

பக்கத்தில் நின்ற பேஷ்கார் நாகலிங்கம் சிரித்தார். "அந்த ஊரில் யார் தாகத்தால் செத்தார்கள்?"

மகாராஜா சைக்கிள் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

சித்திரை பிறந்ததும் மகாராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. கந்தகிரி வரைக்கும் தனியாகச் சைக்கிளில் போய்வர வேண்டும். வழியெல்லாம் பொட்டல். வெயிலோ மண்டையைப் பிளக்கும். தண்ணீருக்கு என்ன வழி?

தோல்பையில் நிரப்பிக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் பார்த்தார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கள்ளிப்புதரில் தள்ளியது. முள் பிடுங்க அரை நாள் ஆயிற்று. குடத்தோடு ஆட்களைப் பின்னால் ஓடவிட்டார். முதல் மேட்டிலேயே ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். குதிரைவண்டி வந்தது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டுக் குதிரை வந்த வழியே போய்விட்டது. போகிற ஊரில் வாங்கிக் குடிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. அரண்மனைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் மகாராஜாவின் வாயில் படக் கூடாது என்பது பரம்பரை வழக்கம்.

ஞானியப்பனை எப்படி மாட்டிவிடலாம் என்றிருந்த பேஷ்கார் இதற்காகத்தானே காத்திருந்தார்!

"இதை ஞானியப்பனிடம் விடுங்கள் மகாராஜா. சைக்கிளில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றக் கூடாது. கூட ஆளும் வரக் கூடாது, மாடும் வரக் கூடாது. ஆனால் வழியில் தாங்கள் 'தாகம்' என்று ஒருமுறை சொன்னாலும் அவன் பொழுது சாய்வதற்குள் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

"சம்மதமா ஞானியப்பா?"

"சம்மதம். ஆனால் ஊசிக்கல்பட்டி வழியாகத்தான் தாங்கள் போக வேண்டும்."

"எந்த வழியானால் என்ன? அப்படியே ஆகட்டும்."

முந்தின நாளே பேஷ்காரும் ஞானியப்பனும் மாட்டுவண்டியில் ஊசிக்கல்பட்டிக்குக் கிளம்பினார்கள். பேஷ்கார் வண்டியில் வைக்கோலுக்கு அடியில் பார்த்தார். ஞானியப்பனின் வெற்றிலைப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். ஈரமாக இருந்தது வெற்றிலை மட்டும்தான்.

மறுநாள் காலை மகாராஜா மணியடித்துப் புறப்பட்டார். முதல் ஊர் வருவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லக் கூடாத அந்தச் சொல் உதடுவரை வந்துவிட்டது. ஊர் எல்லையில் மேளம் கேட்டது. மாவிலையும் தேங்காயும் வைத்து நிறைகுடத்தோடு ஊர்த்தலைவர் நின்றார். ராஜா வந்தால் பூரணகும்பம் வைத்து வரவேற்க வேண்டுமல்லவா?

மகாராஜா குடத்தையே பார்த்தார். "இது வெளித்தண்ணீர் ஆயிற்றே?"

"இல்லீங்க மவராசா. கும்பத்துல ஊத்திப் பூசை போட்டாச்சு. இனி இது தீர்த்தம். ஞானியப்பன் ஐயா சொல்லிவிட்டிருக்காரு."

தீர்த்தத்தை வேண்டாம் என்று எந்த ராஜா சொல்வான்? வழக்கமாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்கிறவர் அன்று பாதிக் குடத்தைக் காலி செய்தார். அடுத்த ஊரிலும் மேளம், கும்பம், தீர்த்தம். மகாராஜாவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. 'பலே ஞானியப்பா! வழிநெடுகக் குடத்தை நிறுத்திவிட்டாயே' என்று நினைத்துக்கொண்டு வேகமாக மிதித்தார்.

ஊசிக்கல்பட்டிக்கு வந்தபோது உச்சிவெயில். இங்கும் மேளம் இருந்தது. கும்பமும் இருந்தது. பேஷ்காரும் ஞானியப்பனும் ஓரமாக நின்றார்கள். மகாராஜா ஆவலோடு மாவிலையை ஒதுக்கிக் குடத்தைத் தூக்கினார். குடம் காற்றாய் வந்தது.

"என்ன இது? தாகத்தில் உயிர் போகிறது, குடம் காலியாக இருக்கிறதே!"

பேஷ்கார் வாயெல்லாம் பல்லாக, "சொல்லிவிட்டார்! தாகம் என்று சொல்லிவிட்டார்!" என்றார்.

ஞானியப்பன் கைகட்டி நின்றான். "காலி இல்லை மகாராஜா. மாசி மாதம் இந்த ஊருக்குத் தாங்கள் கொடுத்ததைச் சிந்தாமல் சிதறாமல் அப்படியே அதில் வைத்திருக்கிறார்கள்."

"நான் என்னய்யா கொடுத்தேன்?"

"'பார்க்கலாம்' என்று சொன்னீர்கள்."

மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். மகாராஜா குடத்துக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இந்த ஊரில் தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?"

"பொம்பளையாளுக ஆத்து ஊத்துக்குப் போயிருக்காக மவராசா. கெழக்கு வெளுக்குமுன்ன போனவுக. இப்ப வந்துருவாக" என்றார் ஊசிக்கல்பட்டித் தலைவர்.

மகாராஜா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தார். வெயில் தாழ்ந்த பிறகுதான் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கும்பத்தில் ஊற்றி மாவிலை வைத்துக் கொடுத்தாள். இரண்டே மடக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மகாராஜா, பொழுது சாய்கிறது. நான் எல்லை தாண்ட வேண்டும்" என்றான் ஞானியப்பன்.

மகாராஜா வாய்விட்டுச் சிரித்தார். "நீ போய்விட்டால் என் அடுத்த சவாரிக்கு யார் குடம் நிறுத்துவது? எங்கேயும் போக வேண்டாம். பேஷ்காரே, இங்கே ஒரு கிணறு வெட்டும். உம்முடைய பொறுப்பு."

பேஷ்கார் தலையைச் சொறிந்தார். "ஆகட்டும் மகாராஜா. ஒரு நல்ல நாளாகப் பார்க்கலாம்..."

"நிதானமாகப் பாரும், அவசரமில்லை. ஊற்றுக் கண் திறக்கும்வரை நீர் இந்த ஊரிலேயே இரும். உமக்குக் குடிதண்ணீர் அந்தக் கும்பத்திலிருந்து மட்டும்தான்."

பேஷ்கார் கும்பத்தை எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் அதை அப்போதுதான் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"கடப்பாரை எங்கேய்யா?" என்றார் பேஷ்கார். "இன்றைக்கே நல்ல நாள்தான்!"