முரசனின் புதுப்பாட்டும் கொழுத்த கரிச்சானும்

கல்லருவிக் காட்டில் முரசன் என்றொரு மரங்கொத்தி இருந்தான். கன்னங்கரேல் என்ற உடம்பு. உச்சியில் தீப்போலச் சிவந்த கொண்டை. மற்ற மரங்கொத்திகள் புழுவுக்காக மரத்தைக் கொத்தும். முரசன் பாட்டுக்காகக் கொத்துவான்.

அருவிக்கரையில் பட்டுப்போன இலவமரம் ஒன்று நின்றது. உள்ளே வெறும் பொந்து. அதுதான் அவன் மேளம். ‘தடதடதட தடார்!’ என்று அவன் அலகால் அடித்து, நடுவே ‘கீயோவ்!’ என்று ஓர் அலறல் விட்டால் கேட்பவர் அடிவயிறு அதிரும். மான்கள் துள்ளும். காட்டுக்கோழிகள் தலையைத் தலையை ஆட்டும்.

அவனுடைய ரசிகர்களில் இருவர் எப்போதும் முதல் வரிசையில் இருப்பார்கள். ஒருவன் சிலுப்பன் என்ற குரங்கு. இன்னொருத்தி பூவாலி என்ற மலை அணில். இருவரும் ஒரே அத்திமரத்தில், ஒரே கிளையில், ஒட்டி உட்கார்ந்து கேட்பார்கள். முரசன் அதுவரை ஆறு பாட்டுகள் போட்டிருந்தான். ஆறும் இருவருக்கும் தலைகீழ்ப் பாடம்.

ஒரு சித்திரை மாதச் சூறைக்காற்றில் இலவமரம் சாய்ந்தது. அன்றோடு முரசனையும் காணவில்லை. மழைக்காலம் முழுக்கக் காட்டில் ஒரு சத்தம் இல்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் மைனா ஒன்று மரத்துக்கு மரம் பறந்து கத்தியது.

“சேதி கேட்டீங்களா? நாளைக்கு விடிஞ்சதும் மூங்கில் பள்ளத்துல முரசனோட புதுப்பாட்டு!”

சிலுப்பன் மூன்று குட்டிக்கரணம் போட்டான். “ஏழாவது பாட்டு! பூவாலி, ஏழாவது பாட்டு!”

“எனக்குக் காது இருக்கு, கத்தாதே!” என்று கத்தினாள் பூவாலி.

காடே குதித்தது. குரங்குகள் முருக்கம்பூவைப் பறித்துத் தலையில் சொருகிக்கொண்டன. பார்க்க எல்லாம் சிவப்புக் கொண்டை முளைத்த குரங்குகள்! அணில்கள் வால் முடியைக் கோதிக் கோதிப் பளபளப்பாக்கின. மறுநாள் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே மூங்கில் பள்ளத்தில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு.

சூரியன் எழுந்தான். முரசன் வந்து ஒரு பச்சை மூங்கிலில் அமர்ந்தான்.

“தலைவா!” என்று சிலுப்பன் அலற, பள்ளம் முழுக்க அந்தச் சொல் எதிரொலித்தது.

முரசன் அலகைத் தூக்கினான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

‘டொக்.’

கொஞ்ச நேரம் கழித்து, ‘டொக்... டொக்.’

இலையிலிருந்து மழைத்துளி சொட்டுவதுபோல மெல்ல, மிக மெல்ல அடித்தான். அலறல் இல்லை. தடார் இல்லை. பச்சை மூங்கில் முனகுவதுபோல ஒலித்தது. பூவாலிக்கு ரோமம் சிலிர்த்தது. கண்ணில் நீர் முட்டியது. சிலுப்பனுக்குக் கொட்டாவி வந்தது. தலைவன் எதிரே கொட்டாவி விடக்கூடாதே என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

பிறகு முரசன் நிறுத்தினான். அலகை மூங்கிலின்மேல் வைத்தபடி அசையாமல் இருந்தான்.

ஓர் இலை விழுந்தால் கேட்கும். அப்படி ஓர் அமைதி.

அந்த அமைதியைச் சிலுப்பனால் தாங்க முடியவில்லை. “அவ்வளவுதானா? இதுக்கா ஒரு மழைக்காலம் காத்திருந்தோம்? இது பாட்டா, தாலாட்டா?” என்று எழுந்தான்.

“சும்மா இருடா! என்ன அழகு!” என்றாள் பூவாலி.

“எங்கே தடார்? எங்கே கீயோவ்?” என்று குரங்குகள் கூவின.

“அருமை! அற்புதம்!” என்று அணில்கள் கீச்சிட்டன.

ஒரு பக்கம் கூச்சல். ஒரு பக்கம் ஆரவாரம். முரசன் அடங்கட்டும் என்று காத்திருந்தான். அடங்கவில்லை. மெல்ல எழும்பிப் பறந்து மலைப்பக்கம் போய்விட்டான். அவன் போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் இதையெல்லாம் ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான். அவன் கரிச்சான். வால் நுனியில் துடுப்புப்போல இரண்டு இறகு தொங்கும் கரிய பறவை. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டுவதில் அவனுக்கு நிகர் கிடையாது. குரங்கும் அணிலும் கோபத்தில் கிளைகளை உலுக்கியபோது, இலைக்கடியில் ஒளிந்திருந்த பூச்சிகள் குபீரெனப் பறந்தன. கரிச்சான் காற்றிலேயே ஒன்று, இரண்டு, பத்து என்று கவ்வி விழுங்கினான்.

‘ஆகா! இப்படி நாளும் சண்டை நடந்தால் நான் இரை தேடி அலையவே வேண்டாமே!’ என்று நினைத்தான்.

அன்று மாலையே குரங்குகளிடம் போனான்.

“சிலுப்பா, சொன்னா வருத்தப்படுவே. பூவாலி என்ன சொன்னா தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, பூவாலியின் குரலிலேயே பேசினான். “குரங்குக்கு என்ன தெரியும் பாட்டைப் பத்தி? மரத்தை உலுக்கத்தான் தெரியும்!”

சிலுப்பனின் முகம் சுருங்கியது. “அவளா அப்படிச் சொன்னா?”

“அவ குரலைக் கேட்டியே! அப்புறம் என்ன சந்தேகம்?”

பிறகு அணில்களிடம் போனான்.

“பூவாலி, உன் நண்பன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலை” என்று பெருமூச்சு விட்டு, சிலுப்பனின் குரலை எடுத்தான். “பூவாலி எல்லாம் ஒரு ரசிகையா? தலைவன் தும்மினாலும் அருமைன்னு சொல்றவ!”

பூவாலியின் வால் படபடவென்று அடித்துக்கொண்டது.

மறுநாள் முதல் காடு இரண்டாகப் பிளந்தது. குரங்குகள் தங்களைப் ‘பழைய முரசன் கூட்டம்’ என்றன. அணில்கள் ‘புது முரசன் கூட்டம்’ என்றன. காலையில் ஒரு சண்டை, மாலையில் ஒரு சண்டை. குரங்குகள் அத்திமரத்தைப் பிடித்துக்கொண்டு அணில்களை நெருங்கவிடவில்லை. அணில்கள் பக்கத்து மரத்திலிருந்து உச்சிக்கிளைக்குத் தாவி, மேலேயிருந்து காய்களைக் கொறித்துக் குரங்குகளின் தலையில் போட்டன. பழுக்க வேண்டிய அத்திக்காய்கள் பாதிக்குமேல் மண்ணில் கிடந்து அழுகின.

ஒரு நாள் சண்டை முற்றியது. ஒரு தடிக் குரங்கு தாவிய தாவலில் ஒரு கிளை முறிந்தது. அந்தக் கிளையில்தான் பூவாலியின் கூடு. குச்சி குச்சியாக, இலை இலையாக இருபது நாள் கட்டிய கூடு கீழே விழுந்து சிதறியது.

பூவாலி கீழே இறங்கினாள். சிதறிய குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். சிலுப்பன் மேலேயிருந்து பார்த்தான். இறங்கிப்போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்போல் அவனுக்கு இருந்தது. ஆனால் ‘மரத்தை உலுக்கத்தான் தெரியும்’ என்ற சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கரிச்சானுக்கோ கொண்டாட்டம்! தின்று தின்று வயிறு உருண்டையாகிவிட்டது. பறக்கும்போது மூச்சு வாங்கியது.

இரண்டு நாள் கழித்து பூவாலி பசி தாங்காமல் அத்திமரத்தின் அடிப்பக்கம் பதுங்கிப் பதுங்கி வந்தாள். தாழ்ந்த கிளையில் சிலுப்பன் தனியாக உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தான். அவசர அவசரமாக இரண்டு கன்னத்துக்குள்ளும் பழத்தை அடைத்து வைத்திருந்தான். கன்னங்கள் பலூன்போல உப்பியிருந்தன. வாயைத் திறந்தால் பழம் உருண்டு விழும்.

அப்போது சிலுப்பனின் குரல் கணீரென்று கேட்டது. “அந்தப் பூவாலி கூடு போனது நல்லதுதான்! இனிமே முன் வரிசைக்கு வரமாட்டா!”

பூவாலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாய்ந்து கேட்கப் போனவள், அப்படியே நின்றாள்.

சிலுப்பனின் வாய் அசையவே இல்லை!

குரல் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. சிலுப்பனும் திடுக்கிட்டுத் திரும்பினான். தன் குரலைத் தானே கேட்டு அவன் கண் பிதுங்கியது. “யாரு...” என்று வாயைத் திறந்தான். பொலபொலவென்று எட்டு அத்திப்பழம் கீழே கொட்டியது.

பூவாலி ஒரே தாவலில் மரத்தைச் சுற்றினாள். அங்கே கரிச்சான் அடுத்த வாக்கியத்துக்காகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். பறக்கப் பார்த்தான். வயிறு விடவில்லை. சிலுப்பன் ஒரு கையால் அவன் வாலைப் பிடித்தான்.

“பேசுடா! இப்போ உன் குரல்ல பேசு!”

“விடு, இறகு போயிடும்!” என்று கரிச்சான் அலறினான். “நான் என்ன தப்புப் பண்ணேன்? நீங்க கிளையை உலுக்கினா பூச்சி பறக்கும். எனக்கு வேண்டியது பூச்சி. அவ்வளவுதான்!”

“அதுக்காகப் பொய் சொல்லுவியா?” என்றாள் பூவாலி.

“சொன்னேன். நீங்க ஏன் நம்பினீங்க? கூப்பிடு தூரத்துலதானே இருந்தீங்க? ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

சிலுப்பனின் பிடி தளர்ந்தது. கரிச்சான் தட்டுத்தடுமாறிப் பறந்து தப்பினான். யாரும் துரத்தவில்லை. இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீ அப்படிச் சொல்லலியா?” என்றான் சிலுப்பன்.

“இல்லடா. நீ?”

“இல்ல. ஆனா பாட்டு எனக்குப் பிடிக்கலை. அது உண்மை.”

“எனக்குப் பிடிச்சுது. அதுவும் உண்மை.”

சிலுப்பன் தலையைச் சொறிந்தான். “உன் கூட்டுக்கு நானே குச்சி பொறுக்கித் தர்றேன். கட்டத்தான் எனக்கு வராது.”

பூவாலி கீழே கிடந்த பழத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். “சிலுப்பா! நாம சண்டை போட்டோமே, அன்னிக்கு முரசன் அலகை மூங்கில்மேலேயே வச்சிருந்தான். கவனிச்சியா? பாட்டு முடிஞ்சிருந்தா ஏன் அப்படி வச்சிருக்கணும்?”

சிலுப்பன் வாயைப் பிளந்தான்.

முரசன் மலை விளிம்பில் தனியாக இருப்பதாகச் சில நாளாக மைனா சொல்லித் திரிந்தது இருவருக்கும் நினைவு வந்தது. அடுத்த நொடி மலைப்பக்கம் ஓடினார்கள். கிளைக்குக் கிளை தாவி, பாறைக்குப் பாறை தாவி, நண்பகலில் மலை விளிம்பை அடைந்தார்கள். அங்கே முரசன் ஒரு மொட்டை மரத்தில் உட்கார்ந்து அடுத்த காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தலைவா! எங்கே போறீங்க?” என்று பதறினாள் பூவாலி.

“அந்தப் பக்கம். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. இனிமே நான் கொத்துறது புழுவுக்கு மட்டும்தான்” என்றான் முரசன். அவன் கொண்டை படிந்து கிடந்தது.

சிலுப்பன் முன்னால் வந்தான். “தலைவா, உண்மையைச் சொல்றேன். அன்னிக்கு நீங்க அடிச்சது எனக்குப் பிடிக்கலை. தூக்கம் வந்துது.”

பூவாலி அவன் காலைக் கிள்ளினாள். ஆனால் முரசன் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

“ஆனா மிச்சத்தைக் கேட்காமலேயே கத்திட்டேன்” என்று சிலுப்பன் தொடர்ந்தான். “மிச்சம் இருக்குதானே? அதைக் கேட்கணும். கேட்டுட்டுப் பிடிக்கலைன்னா, அப்பவும் பிடிக்கலைன்னுதான் சொல்லுவேன்.”

முரசன் அவனையே பார்த்தான். பிறகு ‘கீயோவ்!’ என்று சிரித்தான். “மழைக்காலம் பூரா அந்த மிச்சத்துக்காகத்தான் அலகு தேய அடிச்சேன்! பாட்டுக்கு நடுவுல வர்ற அமைதியும் பாட்டுதான். அதை ஒருத்தரும் தாண்டி வரலை.”

“இன்னிக்கு வருவோம்!” என்றாள் பூவாலி.

அன்று சாயங்காலம் மூங்கில் பள்ளம் மறுபடி நிரம்பியது. சிலுப்பன் குரங்குகளிடமும் பூவாலி அணில்களிடமும் நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். முறைத்துக்கொண்டிருந்த இரு கூட்டமும் கலந்து உட்கார்ந்தன.

‘டொக்... டொக்... டொக்.’

பச்சை மூங்கில் முனகியது. பிறகு அமைதி வந்தது.

நீண்ட அமைதி. ஒரு குரங்குக் குட்டிக்குத் தும்மல் வர, அதன் தாய் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எங்கோ ஒரு கிளையிலிருந்து சிலுப்பனின் குரலில் “சீ! இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று சத்தம் வந்தது. பாதிக் கூட்டம் திரும்பிச் சிலுப்பனைப் பார்த்தது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். ஒரு கிளைகூட அசையவில்லை. ஒரு பூச்சிகூடப் பறக்கவில்லை.

முரசன் பச்சை மூங்கிலை விட்டுக் காய்ந்த மூங்கிலுக்குத் தாவினான்.

‘தடதடதடதட தடார்! தடார்! கீயோவ்!’

பள்ளம் அதிர்ந்தது! மூங்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் பேசியது. எதிரே இருந்த பாறை ஒவ்வோர் அடியையும் திருப்பி அடித்தது. ஒரு முரசன் நூறு முரசனானான். அந்த அமைதிக்குப் பின்னால் வந்ததால் அந்த இடி மேலும் பெரிதாக இடித்தது. மான்கள் துள்ளின. குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஆடின. சிலுப்பன் தொண்டை கிழியக் கத்தினான். “தலைவா! தலைவா! தலைவா!”

பாட்டு முடிந்தபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

“எப்படி?” என்று கேட்டாள் பூவாலி.

“பின்பாதி நெருப்பு! முன்பாதி இப்பவும் தூக்கம்தான்.”

“போடா! முன்பாதிதான் உயிர். பின்பாதியில எனக்குக் காது அடைச்சுப்போச்சு!”

“உனக்கு ரசனையே இல்லை!”

“உனக்குத்தான் இல்லை!”

இருவரும் உரக்க வாதாடிக்கொண்டே, ஒருவர் தோளை ஒருவர் உரசியபடி அத்திமரத்தை நோக்கி நடந்தார்கள்.

ஒருவர் சொன்னதை அவர் வாயாலேயே முழுதும் கேட்டபின் எவ்வளவு வேண்டுமானாலும் மாறுபடலாம். நடுவில் நின்று சொல்பவன் பேச்சை நம்பினால், நம் சண்டையில் அவன் வயிறுதான் நிறையும்.