பெங்குவின் கல் திருடப் பழகிய கதை

அந்தக் காலத்தில், தென்கோடிப் பனிநாட்டில் மலைக்கும் வாய் இருந்தது, காற்றுக்கும் வாய் இருந்தது. பறவைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அங்கே வாழ்ந்த பெங்குவின்களுக்குக் கூடு கட்டத் தெரியாது. கோடை வந்ததும் கடலிலிருந்து கரையேறும். காலால் தரையில் குழி பறித்து, அதில் இரண்டு முட்டை இட்டு, மேலே படுத்துக்கொள்ளும். தரை காய்ந்து கிடந்த வரைக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு கோடையின் சூடு ஏறத் தொடங்கியது. மலைமேல் கிடந்த பனி உருகிக் கரைக்கு வழிந்தது. குழிகளெல்லாம் குட்டைகளாயின. நனைந்த முட்டை குளிர்ந்துபோகும். குளிர்ந்த முட்டை பொரிக்காது. வெள்ளச்சி என்ற பெங்குவினுக்கு இப்படி இரண்டு கோடையில் நான்கு முட்டைகள் வீணாயின.

மூன்றாம் கோடையிலும் இரண்டு முட்டை இட்டாள். பொரிக்கச் சில நாட்களே இருந்தபோது குழியின் விளிம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏங்க, தண்ணி வருது! ஏதாவது செய்யுங்க” என்று புருஷன் தத்தனை எழுப்பினாள்.

தத்தன் நல்லவன். யாரிடமும் பதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்று நம்புகிறவன். “மலைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்” என்று தத்தித் தத்திக் கிளம்பினான். திரும்பி வர அரை நாள் ஆனது.

“மலை என்ன சொல்லுச்சு?”

“அது என்ன பண்ணும் பாவம்? சூரியன்தான் உருக்குதாம். அங்கே போய்க் கேக்கச் சொல்லுச்சு.”

“கேட்டீங்களா?”

“உன்கிட்ட சொல்லிட்டுக் கேக்கலாம்னு வந்தேன்.”

வெள்ளச்சி கண்ணை மூடித் திறந்தாள். “தலைக்கு மேலேயே நிக்குது. நிமிர்ந்து பார்த்துக் கேக்க வேண்டியதுதானே?”

தத்தன் நிமிர்ந்து கேட்டான். “நான் என்றும் போலத்தான் காய்கிறேன். காற்றுதான் எங்கிருந்தோ வெப்பத்தைச் சுமந்து வருகிறது” என்றது சூரியன். காற்றைத் தேடி மேட்டுக்குப் போனான். “எனக்கு நிற்க நேரமில்லை. கடல் சூடாக இருந்தால் நானும் சூடாகத்தான் இருப்பேன். போய்க் கடலைக் கேள்” என்றது காற்று. கரைக்கு இறங்கிக் கடலைக் கேட்டான். கடல் நெடுநேரம் யோசித்தது. “இத்தனை தண்ணீரையும் என் தலையில் கொட்டுவது மலைதான். அதைக் கேட்டாயா?” என்றது.

தத்தன் திரும்பி வந்தபோது வெள்ளச்சி பாதம் முழுகத் தண்ணீரில் நின்றிருந்தாள். பாதங்களின் மேல், வயிற்றுக்கடியில் ஒரு முட்டைதான் இருந்தது. இன்னொன்று குழியை விட்டு உருண்டு தண்ணீரில் கிடந்தது. அலகால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள், உள்ளே சத்தமில்லை.

“கடல் என்ன சொல்லுச்சுன்னா…” என்று தொடங்கினான் தத்தன்.

“போதும்! இனிமே யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டாம்!”

அவள் கழுத்தை நீட்டினாள். எட்டிய தூரத்தில் ஒரு கூழாங்கல் கிடந்தது. அதைக் கவ்வி இழுத்து, மிச்சமிருந்த முட்டைக்கு அடியில் தள்ளினாள். முட்டை ஒரு விரற்கடை உயர்ந்தது.

“கல் கொண்டு வாங்க” என்றாள்.

தத்தன் மலையடிவாரம் வரை நடந்துபோய் ஒரு கல்லைக் கொண்டு வந்தான்.

“ஒண்ணுதானா?”

“என் அலகு ஒண்ணுதானே பிடிக்கும்?”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “சரி, போங்க. மறுபடியும் போங்க.”

போனான், வந்தான். போனான், வந்தான். பக்கத்துக் குழியிலிருந்த கெந்தி இதைப் பார்த்துத் தானும் கல் சேர்க்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். தண்ணீரும் விடாமல் ஏறிக்கொண்டிருந்தது. தத்தனுக்குக் கால் வீங்கிவிட்டது. மறுபடி கிளம்பியவன், கெந்தியின் குழியருகே நின்றான். அசதியில் அவள் கண்ணயர்ந்திருந்தாள். தத்தன் கடலை வேடிக்கை பார்ப்பவன்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெல்லக் குனிந்து, ஒரு கல்லை உருவினான்.

“இப்பத்தானே போனீங்க?” என்றாள் வெள்ளச்சி.

தத்தன் கல்லை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தான். வெள்ளச்சி கெந்தியின் குழியைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. ‘கொண்டுபோய் வெச்சுட்டு வாங்க’ என்று சொல்ல அலகைத் திறந்தாள். அப்போது வயிற்றுக்கடியில் முட்டை உள்ளிருந்து டொக்கென்று தட்டியது. திறந்த அலகை மூடிக்கொண்டு, அந்தக் கல்லையும் உள்ளே தள்ளினாள்.

கெந்தி விழித்துவிட்டாள். “அடியே வெள்ளச்சி! அது என் கல்லுடி!” என்று கத்திக்கொண்டு வந்து, தத்தனைச் சிறகால் சாத்து சாத்தென்று சாத்தினாள். அவள் இங்கே சாத்திக்கொண்டிருந்தபோது, அவள் குழிக்கு அந்தப் பக்கத்துக்காரன் வந்து இரண்டு கல்லை எடுத்துப் போனான். அவன் வீட்டில் வேறொருவன் புகுந்தான். கரை முழுவதும் ஒரே அமளி.

அந்த அமளியின் நடுவே, கல்மேட்டின் மேல், வெள்ளம் தொடாத குஞ்சு ஒன்று ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. மறுநாள் கெந்திக்கும் ஒன்று பொரித்தது. அதன்பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று முதல்தான் அந்தக் கரைப் பெங்குவின்கள் கல்லால் கூடு கட்டுகின்றன. பெண் தேடும் ஆண் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைக்கிறது. கோடையின் சூடும் ஏறிக்கொண்டே போகிறது. அதனால்தான் எத்தனை கல் சேர்த்தாலும் போதாமல், அவை இன்றும் அடுத்த வீட்டுக் கல்லைத் திருடி அடி வாங்கிக்கொண்டிருக்கின்றன.