இரண்டு விரல்

"இன்னிக்காவது என் வண்டியில ஏறி உக்காருவீங்களா, அம்மணி?" என்று கேட்டார் மாதேசன்.

ரெஜினா அவருடைய டிரெய்லரைப் பார்த்தாள். அதன்மேல் ஏற்றி நிறுத்தியிருந்த குட்டிப் பொக்லைனைப் பார்த்தாள். பிறகு பிக்கப் வண்டியின் பின்சக்கரத்தருகே குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு எடுத்தாள்.

"இறக்குங்கண்ணா" என்றாள்.

அது ஆறாவது நாள்.

மாதேசனுக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் பத்துச் சக்கர லாரி ஓட்டியவர். சொந்தமாகப் பிக்கப்பும் டிரெய்லரும் வாங்கிய மூன்றாவது வாரம், ஓர் இறக்கத்தில் டிரெய்லர் நாய்வால் மாதிரி ஆடத் தொடங்கியது. பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தார். இரண்டும் மரவள்ளிக் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து யாரும் அவரை நம்பிச் சுமை ஏற்றவில்லை.

ரோடு காண்ட்ராக்டர் மட்டும் ஒரு வழி சொன்னார். "ரெஜினா உன் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை மலை ஏறட்டும். அப்புறம் என் வேலை பூரா உனக்குத்தான்."

ரெஜினாவுக்கு முப்பத்துநான்கு வயது. பதினோரு வருடமாக அதே மாதிரி ஒரு சின்னப் பிக்கப்பில் மலைக்கு இயந்திரங்களை இழுத்துப் போகிறவள். மலைப்பாதையில் இருபத்தேழு வளைவுகள். அவள் இறங்கி வருவதை மாதேசன் அடிவாரத்து டீக்கடையில் நின்று ஒரு முறை பார்த்திருக்கிறார். இரண்டு டன் இரும்பு, கயிறு பிடித்த ஆட்டுக்குட்டி போல அவள் பின்னால் வந்தது. கையில் டீ ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அவளிடம் வந்தார். வந்தவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

முதல் நாள், அவள் டயருக்கு மேலே கை வைப்பதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் தாமும் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரெஜினாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சாமி கும்பிட வேற இடம் இருக்குங்கண்ணா. என் கை எதுக்கு உள்ள போகுதுன்னு பாருங்க."

"எதுக்கு?"

"இறக்குங்க."

டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? "லாரிக்கார அண்ணன் வண்டி ஓட்டப் பழகறாரா, இல்லை பொக்லைனுக்குத் தொட்டில் ஆட்டறாரா?" என்றார்.

ஆறாம் நாள் மாதேசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருசம் ஓட்டியிருக்கேன் அம்மணி. எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"நல்லாவே தெரியும்."

"அப்ப எதுதான் தெரியலை?"

ரெஜினா இரண்டு சக்கரக் கைவண்டி ஒன்றை உருட்டி வந்தாள். அதன் பின்கோடியில் மூன்று சிமெண்டு மூட்டைகளை அடுக்கச் சொன்னாள்.

"அந்தத் தகரக் கொட்டகை வரைக்கும் இழுத்துட்டுப் போங்க."

கைப்பிடியை அவர் தூக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவரைத் தூக்கியது. குதிகால் தரையில் பாவவில்லை. சரிவில் வண்டி அவரை இடப்பக்கம் தள்ளியது, வலப்பக்கம் தள்ளியது. பாதி வழியில் விட்டுவிட்டு ஒதுங்கினார்.

ரெஜினா மூட்டைகளை முன்கோடிக்கு மாற்றினாள்.

"இப்ப?"

கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும் போல அழுத்தியது. முதுகு வளைந்தது. நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"சரி" என்று சொல்லிவிட்டு ரெஜினா டீ குடிக்கப் போய்விட்டாள்.

மாதேசன் மூட்டைகளோடு தனியாக நின்றார். ஒரு மூட்டையை நகர்த்தினார். இன்னொன்றை நகர்த்தினார். மூன்றும் அச்சுக்கு நேராக, அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் முன்னால் வந்தபோது, கைப்பிடி அவர் கைக்குள் லேசாக அழுந்தி உட்கார்ந்தது.

நடந்தார். வண்டி கூடவே வந்தது.

கொட்டகை வாசல் வரை போனார். அங்கே பாறை உடைக்கும் பெரிய இயந்திரச் சுத்தியல் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு திரும்பினார். இன்னொரு முறை போய்வந்தார். பிறகு கைவண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தம் பிக்கப்பிடம் ஓடினார்.

டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு இடைவெளியை விரலால் அளந்தார். எட்டு விரல்.

காலையில் ஏற்றியது போலவே பொக்லைனை ஏற்றி, கொக்கியில் மாட்டினார். ஒன்பது விரல். பின்னால் இருந்த சுமை வண்டியின் முதுகையே தூக்கிக்கொண்டிருந்தது.

பொக்லைனைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். ஏழு. இன்னும் ஒரு சாண் நகர்த்தினார். வெறும் வண்டியைவிட இரண்டு விரல் மட்டும் தணிந்து, கைவண்டியின் கைப்பிடி போல லேசாக அழுந்தியது: ஆறு.

சாயங்காலம் ரெஜினா வந்தாள். குனிந்தாள். கையை விட்டாள்.

"இறக்குங்க" என்று சொல்லவில்லை.

"காலைல எட்டு மணிக்கு" என்றாள்.

காலையில் எட்டு மணிக்கு முன்பே காண்ட்ராக்டரின் மேஸ்திரி கோவிந்தராசு வந்துவிட்டார். அவர் கைகாட்ட, நான்கு பேர் இயந்திரச் சுத்தியலைத் தூக்கி வந்து டிரெய்லரின் பின்கோடியில் வைத்தார்கள்.

"மேல பாறை விழுந்து பாதை அடைச்சுக் கிடக்கு. இதையும் சேர்த்துக் கொண்டுபோயிடு, மாதேசா."

மாதேசன் ரெஜினாவைப் பார்த்தார். அவள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் கேரியரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அவர் குனிந்து கையை விட்டார். எட்டு விரல்.

"கொஞ்சம் முன்னால நகர்த்துங்கப்பா."

நகர்த்தினார்கள். நான்கு விரல். டிரெய்லரின் பக்கவாட்டில், அது தாங்கும் எடை எழுதியிருந்த தகட்டைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்தார். பொக்லைனும் சுத்தியலும் சேர்ந்தால் அந்த எடையைத் தாண்டும்.

"என்னய்யா தடவிக்கிட்டே இருக்கே? பத்துச் சக்கரம் ஓட்டினவனுக்கு இது ஒரு பாரமா?"

"இறக்குங்க" என்றார் மாதேசன்.

"என்னது?"

"சுத்தியலை இறக்குங்க மேஸ்திரி. முதல் நடை பொக்லைன். ரெண்டாவது நடை இது."

"ரெண்டாவது நடைக்கு நீ இருக்கமாட்டே. இப்பவே வேற ஆளைக் கூப்பிடறேன். உனக்குக் கிடைச்சதே இந்த ஒரு வேலை, அதையும் கெடுத்துக்காதே!"

மாதேசன் தகட்டிலிருந்து கையை எடுத்தார்.

"கூப்பிடுங்க. ஆனா இதை இறக்கிட்டுக் கூப்பிடுங்க."

நான்கு பேரும் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மாதேசனின் முகத்தைப் பார்த்தார்கள். சுத்தியலைத் தூக்கித் தரையில் வைத்தார்கள்.

மேஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு கோபமாக ஒதுங்கிப் போனார்.

மாதேசன் மறுபடி குனிந்தார். ஆறு விரல். கொக்கியை அசைத்துப் பார்த்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். எங்கே போவதற்காக உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இடப்பக்கக் கதவு திறந்தது.

ரெஜினா ஏறி உட்கார்ந்தாள். கனமான டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிளம்புங்கண்ணா. அந்தச் சுத்தியலும் மேல போகணும்னு நேத்தே தெரியும், ரெண்டு நடைக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கட்டியிருக்கேன்."