சோறு மேலைக்கரை, குழம்பு கீழைக்கரை

"அம்மையே, அவனை முதலில் இலையில் கை வைக்க வைப்பது எப்படி?" என்று கேட்டார் சேந்தன்.

கேட்டவர் லேசுப்பட்ட ஆளில்லை. மேலைக்கரை அரசின் தூதர், தலை நரைத்தவர். கேட்கப்பட்டவளோ அவரைவிட இளையவள், ஆற்றோரக் குடிலில் இருக்கும் துறவி வெண்ணி. ஆனாலும் சேந்தனுக்கு அவள்தான் குரு.

"யாரை?"

"கீழைக்கரைத் தூதன் கொற்றனைத்தான்."

போர் முடிந்து ஒரு மழைக்காலமும் போயாயிற்று. சமாதானம் மட்டும் வந்தபாடில்லை. அந்த இரண்டு நாட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பேச உட்காருமுன் மேலைக்கரைச் சோறும் கீழைக்கரைக் குழம்பும் ஒரே இலையில் விழவேண்டும். இரண்டு தூதரும் அதில் சேர்ந்து சாப்பிடவேண்டும். சாப்பிடாமல் பேச்சில்லை.

ஆற்று மணலில் இரண்டு முறை இலை போட்டார்கள். அவர் தொடட்டும் என்று இவர் இருந்தார், இவர் தொடட்டும் என்று அவர் இருந்தார். சோறு ஆறிப்போய்க் காக்கைக்குப் போனதுதான் மிச்சம். விஷ பயம், வேறென்ன.

"நாளைக்கும் இப்படியே எழுந்து வந்தால் மறுபடி போர்தான், அம்மையே. முன்வரிசையில் என் மகன் நிற்கிறான். ஒரே பிள்ளை. நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கிறது."

"சாப்பிட்டீரா?"

"எங்கே இறங்குகிறது?"

வெண்ணி கலயத்தில் கஞ்சி ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். துவையல் எடுக்க உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது சேந்தனின் ஆள் காரி கலயத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்துக்கொண்டிருந்தான். எசமானுக்கு எது வைத்தாலும் முதலில் தின்று பார்ப்பதுதான் அவன் வேலை.

"எப்படி இருக்கு?" என்று அவனைக் கேட்டாள் வெண்ணி.

"நல்லாயிருக்கு தாயே. பயமில்லை."

சேந்தனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"மன்னிக்கணும் அம்மையே. போர் தொடங்கியதிலிருந்து இப்படியே பழகிப்போச்சு."

"வீட்டிலும்?"

"வீட்டிலும்தான்."

"அங்கே சோறு போடுவது யார்?"

"என் மனைவி."

வெண்ணி துவையலைக் காரியிடம் நீட்டினாள்.

மறுநாள் மணலில் இலை விரித்தார்கள். சோறு விழுந்தது, மேலே குழம்பு விழுந்தது. கொற்றனின் கண் சேந்தனுக்குப் பின்னால் தேடியது.

"உங்க ஆள் எங்கே?"

"வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. சேந்தன் பிசைந்து ஒரு கவளம் எடுத்து விழுங்கினார்.

கொற்றன் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழம்பில் உப்பு பத்தலை" என்றார் சேந்தன்.

கொற்றனுக்கு முகம் சிவந்துவிட்டது. தின்று பார்க்கக் குனிந்து வந்த தன் ஆளை முழங்கையால் தள்ளிவிட்டு இலையில் கையை வைத்தார்.

"உங்க சோறு மட்டும் என்னவாம்?" என்றார், வாய் நிறைய. "குழைஞ்சு கிடக்கு."