வட்டிலைக் கெடுத்தவன்

காது கொடுங்கள், புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளே. வேலையில் ஊறிப்போன பெரியவர்களும் கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. மணிக்கூண்டும் கடிகாரமும் கண்ணில் படாத காலம் அது. அப்போது வெண்மணற்கோட்டையில் ஒரு ராஜா இருந்தார்.

அந்த ஊருக்கு நேரம் சொன்னது ஒரு செப்பு வட்டில். அதன் அடியில் ஊசி முனையளவு ஒரு துளை. தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாகத் தண்ணீர் ஏறி, சரியாக ஒரு நாழிகையில் வட்டில் மூழ்கிவிடும். உடனே மணி அடிக்க வேண்டும், வட்டிலை எடுத்து மறுபடி மிதக்கவிட வேண்டும். நாள் ஒன்றுக்கு அறுபது முறை. விடியலில் சூரியன் தலை காட்டியதும் கணக்கைப் புதிதாகத் தொடங்குவார்கள். சூரியன் வராத மழை நாட்களில் அந்த வட்டில்தான் ஊருக்குச் சூரியன்.

மணி மண்டபத்தில் மூன்று பேர் முறை வைத்து வேலை பார்த்தார்கள். சாத்தனும் கொற்றனும் பழையவர்கள். மூன்றாமவன் விடங்கன், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவன், வயது இருபது.

நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே துடிப்பு. இருக்காதா பின்னே? வீட்டில் முதல் அரண்மனை உத்தியோகம் அவனுடையது. முதல் வாரம் மண்டபத்தைப் பெருக்கி மெழுகினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் மணிக்குப் புதுக்கயிறு திரித்துக் கட்டினான். அதையும் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் களிம்பேறிக் கிடந்த வட்டிலை எடுத்தான். புளி போட்டுத் தேய்த்தான், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தான். துளையில் ஒட்டியிருந்த அழுக்கை ஊசி கொண்டு குடைந்து குடைந்து எடுத்தான். வட்டில் தகதகவென்று மின்னியது.

அந்த வழியாகப் போன மந்திரியே நின்று பார்த்து, வேலைக்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வட்டில் மூழ்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. பொழுது போக அவன் ஓர் ஏற்றப்பாட்டை முணுமுணுப்பான். எட்டு முறை பாடி முடித்தால் வட்டில் மூழ்கும். ஒரு முறைகூடத் தப்பியதில்லை. வட்டிலைத் தேய்த்த மறுநாளோ, எட்டாவது பாட்டின் கடைசி அடிக்கு வருமுன்பே வட்டில் உள்ளே போய்விட்டது. அவசரமாகப் பாடிவிட்டோமோ என்று நினைத்தான். அடுத்த முறை நிதானமாகப் பாடினான். அதற்கடுத்த முறை விரலால் தாளம் போட்டுக்கொண்டே பாடினான். மூன்று முறையும் கடைசி அடி மிச்சம். அது எங்கே போயிற்று? அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாத்தனிடம் கேட்டான். மணி அடிப்பது உன் வேலை, யோசிப்பது மந்திரி வேலை என்றார் சாத்தன். கொற்றனிடம் கேட்டான். புது மாட்டுக்கு எல்லாப் புல்லும் புதுப் புல்தான் என்று சிரித்துவிட்டு வெற்றிலை மடித்தார் கொற்றன். பழையவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று பையன் வாயை மூடிக்கொண்டான். அங்கேதான் தப்புப் பண்ணினான்.

அன்றைக்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் சூரியனைக் கண்டவர் இல்லை. ஊர் மணிச் சத்தத்துக்கு எழுந்தது, மணிச் சத்தத்துக்கு உலை வைத்தது. என்னவோ இப்போதெல்லாம் சீக்கிரம் பசிக்க மாட்டேன் என்கிறதே என்று சில பேர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

நாலாம் நாள் ராஜசபையில் ஒரு வழக்கு. மேல்பாடிக்கும் கீழ்பாடிக்கும் நடுவில் ஓர் ஏரி, அதன் தண்ணீர் யாருக்கு என்று சண்டை. பதினைந்தாம் நாழிகை மணிக்குள், அதாவது உச்சிப்பொழுதுக்குள், வராதவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று ஓலை போயிருந்தது. மேல்பாடிக்காரர்கள் முதல் நாளே வந்து சத்திரத்தில் தங்கிவிட்டார்கள். விடங்கன் பதினைந்தாம் மணியை அடித்தான். கீழ்பாடி ஆள் ஒருவரும் இல்லை. தண்ணீர் மேல்பாடிக்கே என்று மந்திரி சொல்லிவிட்டார்.

பதினாறாம் மணி அடித்து ஓய்வதற்குள் கீழ்பாடிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முழங்கால்வரை சேறு. அவர்களுக்குத் தலைவி வெள்ளைச்சி என்கிற பெண். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த ஏரி போனால் கீழ்பாடியில் ஒரு பிடி நெல் விளையாது. பிள்ளை குட்டிகளோடு ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"கோழி கூவக் கிளம்பினோம் மகராசா. இது எத்தனை தூரம்னு எங்க காலுக்குத் தெரியும். இன்னும் உச்சிப்பொழுது ஆகலை" என்றாள்.

சபை சிரித்தது. ராஜாவின் மணியைவிட உன் கால் பெரிதா என்று கேட்டார் மந்திரி.

சபையை ஒட்டியிருந்த மண்டபத்தில், மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்ற விடங்கனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சொன்னால் வேலை போகும், வாங்கிய நல்ல பெயரும் போகும். சொல்லாவிட்டால் ஓர் ஊரே போகும். வழக்கைப் பார்க்க வந்திருந்த சாத்தன் கண்ணாலேயே அவனை அதட்டினார். கொற்றன் தரையைப் பார்த்தார். பையன் கயிற்றை விட்டுவிட்டுச் சபைக்கு நடுவில் வந்து நின்றான்.

"அரசே, அந்த அம்மா சொல்வது சரி. மணிதான் தப்பு. வட்டிலைக் கெடுத்தவன் நான்."

மந்திரிக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தது. ராஜாவுக்கோ கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஊசியால் குடைந்ததில் துளை பெரிதாகிவிட்டதையும் ஏற்றப்பாட்டின் கதையையும் சொன்னான். இந்த வட்டிலைச் செய்த கன்னானே அதே நாளில் செய்த ஜோடி வட்டில் ஒன்று களஞ்சியத்தில் கிடக்கிறது, இரண்டையும் சேர்த்து மிதக்கவிட்டுப் பாருங்கள் என்றான்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து தொட்டிக்கருகில் குந்தினார். ராஜாவே குந்தினால் மற்றவர் நிற்கலாமா? மந்திரி, சேனாதிபதி, மேல்பாடி, கீழ்பாடி எல்லாரும் சுற்றிக் குந்தினார்கள். ஒரு நாழிகை நேரம் யாரும் இமைக்கவில்லை. மின்னும் வட்டில் முதலில் மூழ்கியது. பதினைந்து எண்ணுவதற்குள் மற்றதும் மூழ்கியது.

இவ்வளவுதானா, இதற்கா இத்தனை கூத்து என்றார் மந்திரி.

ஒரு நாளைக்கு அறுபது முறை, மழை பிடித்து நாலு நாள் என்றான் விடங்கன். மந்திரி விரல் விட்டு எண்ணினார். எண்ண எண்ண அவர் குரல் இறங்கிவிட்டது. மணி இரண்டு நாழிகை முன்னால் ஓடியிருந்தது.

ராஜா வழக்கை முதலிலிருந்து கேட்டார். ஏரித் தண்ணீர் இரண்டு ஊருக்கும் முறை வைத்துப் பாயட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளைச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பிறகு மணிக்காரர்கள் மூவரையும் கூப்பிட்டு, வட்டில் வேகமாக மூழ்குவது எப்போது தெரிந்தது என்று ஒரே கேள்வி கேட்டார்.

முதல் நாளே தெரியும், ஆனால் நான் தேய்க்காத வட்டிலுக்கு நான் ஏன் வாய் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன் என்றார் சாத்தன். எனக்கும் முதல் நாளே தெரியும், வெயில் வந்தால் தானே சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன் என்றார் கொற்றன். எனக்கும் முதல் நாளே சந்தேகம், பயத்தில் இருந்துவிட்டேன் என்றான் விடங்கன்.

அந்தப் பயத்துக்குத் தண்டனையாக, தெருத்தெருவாகப் போய் என் கையால் மணி கெட்டது என்று அவனே சொல்லி வர வேண்டும் என்றார் ராஜா. சாத்தனையும் கொற்றனையும் மண்டபத்தை விட்டு வேறு வேலைக்கு அனுப்பினார். மணியை இனி விடங்கன் பொறுப்பில் விட்டார்.

மந்திரிக்கு இது புரியவில்லை. கெடுத்தவனை வைத்துக்கொண்டு கெடுக்காதவர்களை அனுப்புகிறீர்களே என்று கேட்டார்.

"கெடுக்காதவர்கள் இரண்டு பேர் இருந்தும் நாலு நாளாக எனக்கு நேரம் தெரியவில்லையே, மந்திரி. கெடுத்தவன் சொல்லித்தானே தெரிந்தது" என்றார் ராஜா.

ஆகையால் பிள்ளைகளே, தவறே செய்யாதவனைவிட, செய்த தவறைப் பிறர் கண்டுபிடிக்குமுன் தானே சொல்கிறவனே நம்பி வேலை கொடுக்கத் தக்கவன்.